அளந்து ஊற்றிய நீர்: பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் சிற்றூர்த் தோட்டம்

நாள்பட்ட நோயுடன் வாழும் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு ஊரடங்கு, மற்ற வீடுகளுக்கு வந்ததைப் போல வரவில்லை. மற்றவர்கள் கதவை மூடிக்கொண்டு உள்ளே இருக்க முடிந்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவரோ வாரம் இருமுறையேனும் வெளியே வந்தாக வேண்டும். 2020 மார்ச் 24ஆம் நாள் மாலை தமிழகத்தில் தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. வெளியே போகக் கூடாது, போகாமலும் இருக்கக் கூடாது என்ற இரண்டு கட்டாயங்களுக்கும் நடுவில் எங்கள் குடும்பம் நின்றது. அந்த நாள்களிலும் அதற்குப் பின் வந்த இரண்டு ஆண்டுகளிலும் எங்களைத் தாங்கியவற்றுள் ஒன்று, வீட்டுக்குப் பின்புறம் இருந்த பத்து சென்ட் நிலம். அந்த அனுபவம் இம்மடலின் வாசகர்களுக்கு, குறிப்பாக நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு, ஏதேனும் ஒரு வகையில் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறோம்.

ஊர் திரும்பிய நாள்கள்

நாங்கள் கணவன் மனைவி இருவரும் மதுரையில் வேலை பார்ப்பவர்கள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். அப்பாவும் அம்மாவும் நத்தத்துக்கு அருகே உள்ள சொந்தச் சிற்றூரில் வசிக்கின்றனர். செம்மண் பூமி, சுற்றிலும் மாந்தோப்புகளும் புளிய மரங்களும். அப்பா வாழ்நாள் முழுவதும் உழவு செய்தவர். இருபது ஆண்டுகளாக இருந்த சர்க்கரை நோய் சிறுநீரகங்களைப் பாதித்ததால், 2018 முதல் வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஊரடங்குக்கு முன்பு வரை, உறவினர் ஒருவர் துணையுடன் பேருந்திலேயே மதுரைக்கு வந்து போவார். பேருந்துகள் நிற்கப்போகின்றன என்று தெரிந்ததும், நாங்கள் பிள்ளைகளுடன் ஊருக்குச் சென்றோம். சில வாரங்களில் திரும்பலாம் என்ற எண்ணத்தில் இரண்டு பைகளில் துணி எடுத்துச் சென்றோம். திரும்பி வர ஒன்றே முக்கால் ஆண்டு ஆயிற்று.

டயாலிசிஸ் பிரிவு தந்த கடிதத்தைக் காட்டிச் சோதனைச் சாவடிகளைக் கடந்து காரில் சென்றுவந்தோம். ஆளில்லாத நெடுஞ்சாலையில் செல்வது முதல் இரண்டு முறை வியப்பாக இருந்தது; பிறகு அச்சமாக இருந்தது. மருத்துவமனை வாயிலில் உடல் வெப்பத்தை அளந்தார்கள். நோயாளியுடன் ஒருவருக்கு மட்டுமே அனுமதி. செவிலியர்கள் தலை முதல் கால் வரை மூடிய கவச உடையில் இருந்ததால், நான்கு மணி நேரம் உடனிருந்தும் அவர்கள் முகத்தைப் பார்க்க இயலவில்லை. குரலை வைத்தே அப்பா அவர்களை அடையாளம் கண்டுகொண்டார்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் இரவு அப்பா மெதுவாகச் சொன்னார்: “ஊரே வீட்டுக்குள்ள கெடக்கு. நான் மட்டும் எதுக்கு அந்தக் கூட்டத்துக்குள்ள போகணும்? ரெண்டு வாரம் விட்டுப் பாப்போம். எனக்காக நீங்க ஏன் நோயை வாங்கிட்டு வரணும்?”

அவர் பேச்சில் தன் உயிரைப் பற்றிய அச்சம் இல்லை. பேரப்பிள்ளைகளுக்குத் தன்னால் தொற்று வந்துவிடுமோ என்ற கலக்கமே இருந்தது. அதனாலேயே அவரிடம் வாதிடுவது கடினமாயிற்று. மறுமுறை சென்றபோது சிறுநீரக மருத்துவர் அவருடைய கட்டிலருகே நின்று விளக்கினார். தொற்று வருமா என்பது ஐயத்துக்குரியது. டயாலிசிஸை நிறுத்தினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுவதோ, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தின் துடிப்பு குலைவதோ ஏறக்குறைய உறுதியானது. அப்பா தலையசைத்தார். ஆனால் வீடு திரும்பும் வழி முழுவதும் பேசவில்லை. போய்வருவதற்குச் சம்மதித்தார் என்றாலும், எதற்காகப் போய்வருகிறோம் என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்கவில்லை.

இரண்டு கணக்குகள், ஒரே ஏடு

வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலம் அவருடைய உடல் தளர்ந்த பின் தரிசாகிக் கிடந்தது. கோரையும் நெருஞ்சியும் மண்டியிருந்தன. காய்கறி கிடைப்பது அரிதானபோது, அதில் கொஞ்சம் கொத்தவரையும் வெண்டையும் போடலாமே என்று அம்மா சொன்னார். அப்பா மறுமொழி கூறவில்லை. மறுநாள் காலை வரப்போரம் நாற்காலி போட்டு அமர்ந்து, மண்வெட்டி பிடிக்கத் தெரியாத எங்களுக்கு எங்கே வெட்டுவது என்று கைகாட்டிக்கொண்டிருந்தார்.

சித்திரையில் கொத்தவரை, வெண்டை, வெள்ளரி, சிறுகீரை. ஆடி பிறந்ததும் சுரை, பீர்க்கு, புடல், அவரை, கத்தரி. “ஆடிப்பட்டம் தேடி விதை” என்ற பழமொழிக்குப் பொருள், அந்த ஆண்டுதான் எங்கள் பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே விளங்கியது. ஆடியில் ஊன்றிய கொடிகள், ஐப்பசி மழை தொடங்குவதற்குள் வேர்பிடித்துப் பந்தலேறிவிட்டன. வேலியோரம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 செடிமுருங்கை நான்கு வைத்தோம். இடுப்பளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளச் சொன்னார் அப்பா. கிள்ளினால் பக்கக் கிளைகள் தோன்றும்; மரமேறாமல் கையெட்டும் உயரத்தில் காய் பறிக்கலாம். ஏறக்குறைய ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வந்தது.

டயாலிசிஸ் நோயாளிகள் அன்றாட எடையையும் குடித்த நீரின் அளவையும் குறித்துவைக்கும்படி மருத்துவமனையில் சொல்வார்கள். அப்பாவுக்கு அதில் ஒருபோதும் விருப்பம் இருந்ததில்லை. தோட்டம் தொடங்கிய பின், பேத்தியின் பழைய பள்ளி ஏடு ஒன்றை எடுத்துக்கொண்டார். இடப்பக்கத்தில் எடை, நீரின் அளவு, இரத்த அழுத்தம். வலப்பக்கத்தில் விதைத்த நாள், முளைத்த நாள், பூச்சி கண்ட நாள், முதல் காய் பறித்த நாள். வலப்பக்கத்தை எழுதுவதற்காகவே நாள்தோறும் ஏட்டைத் திறந்தார். திறந்த பின் இடப்பக்கத்தையும் நிரப்பினார். மருத்துவர் அந்த ஏட்டைப் பார்த்தபோது முதலில் வலப்பக்கத்தையே படித்தார் என்பது அப்பாவுக்குப் பெருமை.

உழைப்புக்கும் ஒரு முறை வகுத்துக்கொண்டோம். டயாலிசிஸ் நாளில் உடல் சோர்ந்துவிடும். அன்றைக்குத் தோட்டத்தில் வேலை கிடையாது. இரத்தம் உறையாமலிருக்க இயந்திரத்தில் ஹெப்பாரின் சேர்ப்பதால், அன்று சிறு கீறலிலும் இரத்தம் நிற்கத் தாமதமாகும் என்று செவிலியர் சொல்லியிருந்தார். ஆகவே கத்தரிக்கோலும் அரிவாளும் அன்று தொடப்படவில்லை. மறுநாள் காலையே அவருக்குத் தெம்பான பொழுது. ஃபிஸ்டுலா இருக்கும் இடக்கையால் வாளி தூக்கக் கூடாது. முள் படக் கூடாது. வாளி சுமப்பது பேரனின் பொறுப்பாயிற்று. சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி குறைந்திருந்ததால், வெறுங்காலுடன் மண்ணில் இறங்கும் அறுபது ஆண்டுப் பழக்கத்தை அவர் விட வேண்டியிருந்தது. ரப்பர் காலணி அணிந்து வயலில் நிற்பது தனக்கு அந்நியமாக இருப்பதாக அவர் முதல் மாதம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

செடிக்கும் மனிதருக்கும் நீர்

டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் குடும்பத்தார்க்கு, கோடைக்காலம் எவ்வளவு கொடியது என்று சொல்லத் தேவையில்லை. அப்பாவுக்கு மருத்துவர் விதித்த அளவு நாளுக்கு முக்கால் லிட்டர். காபி, மோர், கஞ்சி, குழம்பு, மாத்திரைக்கான நீர் எல்லாம் அதற்குள் அடக்கம். உடலில் தங்கும் ஒவ்வொரு லிட்டர் நீரும் எடையில் ஒரு கிலோவாகத் தெரியும். அந்தக் கூடுதல் நீர் முழுவதையும் இயந்திரம் சில மணி நேரத்தில் இழுக்கும்போது இரத்த அழுத்தம் சரியும். கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும்.

அக்கினி நட்சத்திர நாள்களில், தாகத்துடன் ஒரு மனிதர் நூறு செடிகளுக்கு நீர் ஊற்றும் காட்சியைக் காண எங்களுக்குப் பொறுக்கவில்லை. அவருக்கோ அது வேறாகத் தோன்றியது. கிணற்றிலும் நீர் குறைந்திருந்தது. மோட்டார் அரை மணி நேரம்தான் ஓடும். ஆகவே ஒவ்வொரு சுரைக் குழியருகிலும் ஒரு பழைய மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைக்கச் செய்தார். பானையின் சுவர் வழியே நீர் மெல்லக் கசிந்து வேருக்குச் செல்லும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். மண்ணின் மேல் காய்ந்த சருகையும் வைக்கோலையும் மூடாக்காகப் பரப்பினோம்.

“இதுக்கும் அளவுதான், எனக்கும் அளவுதான்,” என்று ஒருமுறை பேரனிடம் சொன்னார். “ஒரேயடியா ஊத்துனா இதுவும் அழுகிப்போகும்.”

அதன்பின் தன் முக்கால் லிட்டரைக் காலையிலேயே ஒரு புட்டியில் அளந்து வைத்துக்கொண்டு, சிறு குவளையில் ஊற்றிப் பருகினார். குழம்பிலும் மோரிலும் போகும் அளவை அந்தப் புட்டியிலிருந்து அம்மா முன்கூட்டியே கழித்துவிடுவார். வாய் உலர்ந்தால் நீரால் கொப்பளித்துத் துப்புவார். வெயில் ஏறும் முன், காலை எட்டரை மணிக்குள் தோட்டத்தை விட்டு நிழலுக்கு வந்துவிடுவார். தாகம் தீரவில்லை. ஆனால் இரண்டு டயாலிசிஸுக்கு இடையே ஏறும் எடை, அந்தக் கோடையில் முந்தைய ஆண்டைவிடக் குறைவாக இருந்ததை ஏட்டின் இடப்பக்கம் காட்டியது. உப்பைக் குறைத்ததும் அதற்கு ஒரு காரணம். ஊறுகாயும் அப்பளமும் வாங்கக் கடை திறந்திருக்கவில்லை.

விளைந்ததெல்லாம் உண்ணத் தக்கதன்று

தோட்டம் நன்றாகக் காய்க்கத் தொடங்கியபோது ஒரு புதிய துன்பம் வந்தது. முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, தக்காளி என எவற்றைக் கண்டு அப்பா மகிழ்ந்தாரோ, அவற்றில் பொட்டாசியம் மிகுதி. நலமுள்ளவர்க்கு அது நன்மை. சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு அதுவே இடர். இளநீரும் அவ்வாறே. அண்டை வீட்டார் அன்புடன் கொண்டுவந்த இளநீரை, அவர்கள் மனம் நோகாமல் மறுக்க அம்மா பெரிதும் முயல வேண்டியிருந்தது. நட்சத்திரப்பழம் எனப்படும் புளிப்புப் பழம் சிறுநீரக நோயாளிகளின் மூளையையே பாதிக்கும் நஞ்சுடையது என்பதால், பக்கத்துத் தோட்டத்தில் காய்த்த அதை அறவே விலக்கினோம்.

உணவியல் ஆலோசகரிடம் தொலைபேசியில் கேட்டு, அப்பாவுக்கென ஒரு பட்டியல் வைத்துக்கொண்டோம். சுரை, பீர்க்கு, புடல், கோவைக்காய் ஆகியவை முதன்மை. காய்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிய பின்னரே தாளிப்பது. இவ்வாறு செய்தால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி நீருடன் போய்விடும். சுவையும் சிறிது போகும். சீரகமும் பூண்டும் எலுமிச்சைச் சாற்றின் சில துளிகளும் அதை ஓரளவு ஈடுசெய்தன. இதே பட்டியல் எல்லோருக்கும் பொருந்தாது. ஒவ்வொருவரின் இரத்தப் பரிசோதனை முடிவைப் பொறுத்து அளவு மாறும்.

கபசுரக் குடிநீர் ஊரெங்கும் வழங்கப்பட்ட நாள்கள் அவை. அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டோம். அவருடைய நிலையில் வேண்டாம் என்றார். அம்மாவுக்கு அதில் மனக்குறை. எனினும் மருத்துவரின் சொல்லே நின்றது.

தான் உண்ண இயலாத கீரையை அப்பா விதைப்பதை நிறுத்தவில்லை. 25 நாளில் சிறுகீரை பறிப்புக்கு வரும். பேரப்பிள்ளைகள் அதைக் கட்டுகளாகக் கட்டி, தெருவில் வீடு வீடாகத் திண்ணையில் வைத்துவிட்டு வருவார்கள். வேலையின்றித் திருப்பூரிலிருந்து திரும்பியிருந்த இளைஞர்கள் இருந்த வீடுகளுக்கு முதலில் போகும். மாறாக எங்கள் திண்ணையில் மாங்காயும் மோரும் ஒரு நாள் கோழிமுட்டையும் வந்திருந்தன. உதவி பெறுகிறவர் என்ற நிலையிலேயே மூன்று ஆண்டுகள் இருந்துவிட்ட ஒருவர், கொடுக்கிறவர் ஆனபோது அவருடைய குரலே மாறியதை நாங்கள் கேட்டோம்.

காய்ச்சல் என்றால் கொரோனா மட்டும் அன்று

2020 கார்த்திகையில் அம்மாவுக்குக் கடும் காய்ச்சலும் தலைவலியும் கண்டன. வீடு நடுங்கியது. அம்மாவைத் தனி அறையில் இருத்தி, அப்பாவைப் பெரியப்பா வீட்டு மாடிக்கு மாற்றினோம். கொரோனா பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. ஆயினும் ஐந்தாம் நாளும் காய்ச்சல் தணியவில்லை. மருத்துவர் அம்மாவின் உடலை முழுமையாகப் பார்த்தபோது, இடுப்பில் சேலைக்கட்டின் கீழ் சிகரெட்டால் சுட்டது போன்ற சிறு கருநிறப் பொருக்கு ஒன்று இருந்தது. வலியோ அரிப்போ இல்லாததால் அம்மாவே அதை அறிந்திருக்கவில்லை.

அது ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல். புதர்களிலும் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய உண்ணியின் இளம்புழு கடிப்பதால் பரவும் பாக்டீரியா நோய் அது. தமிழகத்தில் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. டாக்சிசைக்ளின் மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிற்று. காலங்கடந்திருந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படக்கூடும் என்று மருத்துவர் கூறினார். தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இதனை அறிந்திருத்தல் நலம்: காய்ச்சலுடன் மருத்துவரிடம் செல்லும்போது, “மண்ணிலும் புதரிலும் வேலை செய்கிறோம்” என்று தாமாகவே சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலுக்கும் மண்ணிலிருந்து பரவும் மெலியாய்டோசிஸ் என்னும் நோய்க்கும் இது பொருந்தும். மெலியாய்டோசிஸ் சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்களையே பெரும்பாலும் கடுமையாகத் தாக்குகிறது.

இரண்டாம் அலை

2021 மார்ச்சில் அறுபது வயது கடந்தோர்க்குத் தடுப்பூசி தொடங்கியதும், அப்பாவும் அம்மாவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டனர். மே மாதத்தில் இரண்டாம் அலை சிற்றூர்களையும் விட்டுவைக்கவில்லை. அந்தச் சித்திரையிலும், முந்தைய ஆண்டைப் போலவே, அழகர் வைகையில் இறங்கும் காட்சியை மக்கள் காண இயலவில்லை. எங்கள் தெருவில் மூன்று வீடுகள் தனிமைப்படுத்தப்பட்டன. அவற்றின் வாயிலில் காய்களைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுத் தொலைபேசியில் சொல்வோம். மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு வந்து கடைகள் அடைக்கப்பட்டபோது, சுரைப் பந்தலே தெருவின் காய்கறிக் கடை.

டயாலிசிஸ் பிரிவில் அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வருவார். இருவரும் மூன்று ஆண்டுகள் ஒரே நாளில், ஒரே நேரத்தில் படுத்திருந்தவர்கள். தன் வீட்டு முற்றத்தில் போட, நீளச் சுரை விதை வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். முற்றிக் காய்ந்த காயை உடைத்து, விதையைச் சாம்பலில் புரட்டி, செய்தித்தாளில் பொட்டலமாக மடித்து அப்பா எடுத்துச் சென்ற நாளில் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. செவிலியரின் கண்களைப் பார்த்தே அப்பா அறிந்துகொண்டார்.

அன்று மாலை தோட்டத்துப் பக்கம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் ஏட்டை எடுத்து எடையை மட்டும் எழுதினார். அதற்கடுத்த டயாலிசிஸ் நாளில், எவரும் சொல்லாமலே காலை ஐந்து மணிக்குக் கிளம்பி நின்றார். விதைப் பொட்டலத்தை அந்தப் பெரியவரின் மகனுக்கு அனுப்பிவைத்தோம்.

இன்று

தோட்டம் அப்பாவின் நோயைத் தீர்க்கவில்லை. இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடைபெறுகிறது. நடை குறைந்துவிட்டது, பந்தலடியில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து வேலை ஏவுகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வரும் சுகாதாரப் பணியாளர் ஒவ்வொரு முறையும் ஒரு காயுடன் திரும்புகிறார். நாங்கள் வார இறுதிகளில் சென்றுவருகிறோம். ‘எதற்காகப் போய்வர வேண்டும்’ என்று அப்பா பின்னர் ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் தோட்டம்தான் என்று உறுதியாகச் சொல்ல எங்களால் இயலாது. நாளை பறிக்க வேண்டிய காய் ஒன்று இருப்பது, நாளையைப் பற்றிய பேச்சை எளிதாக்கியது என்பதை மட்டும் சொல்லலாம்.

தோட்டம் தொடங்க எண்ணும் குடும்பங்களுக்கு

முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் மட்கு உரத்தைக் கிளறுவதையும் சாணக் கரைசல்களைக் கையாள்வதையும் தவிர்க்க வேண்டும். அவற்றின் பூஞ்சைத் தூள் நுரையீரலைத் தாக்கக்கூடும். அவ்வேலைகளை வீட்டிலுள்ள மற்றவர்கள் செய்யட்டும்.

கையுறையும் மூடிய காலணியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்து உடை மாற்றுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாலையில் பாதங்களை விரலிடுக்கு உட்படப் பாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்பதைக் குறித்து வையுங்கள்.

பூச்சிக்கு நஞ்சு தெளிக்க வேண்டியதில்லை. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் பெரும்பாலான பூச்சிகள் கட்டுப்படும்.

நிலம் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். மாடியில் இரண்டு பைகளில் கொத்தமல்லியும் ஒரு தொட்டியில் கோவைக்கொடியும் போதும். தொடக்கத்தில் மூன்று செடிகளுக்கு மேல் வேண்டாம். அவற்றுக்கு நீரூற்றும் பொறுப்பை நோயாளியிடமே விடுங்கள். அவரால் இயலாத நாளில் மட்டும் நீங்கள் ஊற்றுங்கள். முளைத்த நாளை ஓர் ஏட்டில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.